மூன்றாம் நாள் ஜோசியர்

இருபத்தெட்டாம் நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்ட சிமெண்ட் சோதனைக்காரர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆலையில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கட்டம் போடத் தெரியாது, கிளியும் கிடையாது. சோதனைக்கூடத்தின் தலைமை ஆள், அவ்வளவுதான். அரைத்து வரும் ஒவ்வொரு சிமெண்ட் சரக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, மணலும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்பது கனச்சதுரக் கட்டிகள் வார்ப்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். மூன்றாம் நாள் மூன்று கட்டிகளை எந்திரத்தில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பலம் தாங்கியது என்று எழுதுவார்கள். ஏழாம் நாள் மூன்று. மிச்சம் மூன்று இருபத்தெட்டாம் நாள். கடைசித் தீர்ப்பு அந்த இருபத்தெட்டாம் நாளில்தான்.

இவருக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டதில்லை. மூன்றாம் நாள் கட்டி நொறுங்கும் சத்தத்தைக் கேட்டே இருபத்தெட்டாம் நாள் எண்ணைச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே போயிருக்கலாம். அதற்கு மேல் தவறியதில்லை. மேலாளரே வெளியாட்களிடம், "எங்க ஜோசியர் சொல்லிட்டார்னா அப்பீலே கிடையாது" என்று பெருமையடிப்பார். அவரும் அந்தப் பெருமையைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பேனாதான் கடைசியில் வீட்டு ஆள் ஒருவன் தலையெழுத்தை மாற்றி எழுதியது.

அவருடைய மனைவியின் தம்பி அதே ஆலையில் கலவைக்காரன். கிளிங்கர் என்கிற கறுப்பு உருண்டைகளை ஜிப்சத்தோடு அரைத்தால் அது சாதாரண சிமெண்ட். அதில் மின்நிலையக் கொதிகலனில் மிஞ்சுகிற சாம்பலையும் சேர்த்தால் அது கலப்பு சிமெண்ட். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சாம்பல் போக வேண்டும். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. அந்தச் சாம்பல் கதவைத் திறந்து மூடுகிற வேலை மைத்துனனுடையது. பொறுப்பான வேலை, கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. பதினோரு வருஷமாக ஒரு சரக்கும் திரும்பி வந்ததில்லை.

சாம்பலின் குணம் ஒன்று உண்டு. தானாக அது இறுகாது. கிளிங்கர் தண்ணீரோடு சேர்ந்து வினை செய்யும்போது சுண்ணாம்பை வெளியே விடும். அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் சாம்பல் தன் வேலையை ஆரம்பிக்கும். அதுவும் ஆற அமர. அதனால் கலப்பு சிமெண்ட் முதல் சில நாள் சோனியாக இருக்கும், போகப் போக முறுக்கேறி சாதாரண சிமெண்டையே மிஞ்சிவிடும். சுண்ணாம்பு மிச்சமில்லாமல் அடங்கிவிடுவதால் பின்னாளில் உப்பி வெடிக்கிற பயமும் குறைவு. ஆனால் குளிர் மட்டும் ஆகாது. தண்ணீர் சில்லிட்டால் சாதாரண சிமெண்ட் லேசாக முனகிவிட்டு வேலையைப் பார்க்கும். சாம்பல் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும்.

இதெல்லாம் ஜோசியருக்குத் தெரியாதா? தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவர்தான். அதனால்தான் தொட்டித் தண்ணீரை எப்போதும் இருபத்தேழு டிகிரியில் வைக்க ஒரு ஹீட்டர் இருந்தது. தினமும் காலையில் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதியும் இருந்தது. வருஷக்கணக்காக அது இருபத்தேழைத் தவிர வேறு எதையும் காட்டாததால், திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வரைக்கும் ஆறு தடவை இருபத்தேழு என்று எழுதி வைத்துவிடுவது அந்தக் கூடத்தின் வழக்கம். ஜோசியர்தான் அதை ஆரம்பித்து வைத்தவர்.

மழையும் ஊதைக் காற்றுமாக இருந்த ஒரு வாரத்தில் அது நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை கலப்புச் சரக்கின் கட்டிகளை அச்சிலிருந்து கழற்றித் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மைத்துனன் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு, முகமெல்லாம் பல். பெண் குழந்தை பிறந்து மூன்று நாளாகிறது, வீட்டில் யாரையும் தூங்க விடுவதில்லை என்று புகார் மாதிரி சொன்னான். குரலில் புகார் இல்லை. "மாப்ள, உட்காரு. மாமன் கையால டீ குடிச்சுட்டுப் போ" என்றார் இவர். சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஹீட்டரின் வயரைப் பிடுங்கி, கெட்டில் வயரைச் செருகினார். டீ கொதித்தது. குழந்தைக்கு யார் மூக்கு என்று ஒரு வழக்கு நடந்தது. அத்தை மூக்கு வராமல் இருந்தால் சரி என்று இவர் தீர்ப்புச் சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

ஹீட்டர் வயர் தரையில் கிடந்தது.

வியாழக்கிழமை, புதிதாக வந்த உதவிப் பையன் தொட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த மூன்று கட்டிகளை நொறுக்கினார். குறைந்தது பதினாறு வர வேண்டும். பதினொன்று வந்தது. அடுத்தது பத்தரை. அடுத்தது மறுபடி பதினொன்று. அதே தொட்டியில் பக்கத்திலேயே கிடந்த சாதாரண சிமெண்ட் கட்டிகளையும் பையனை எடுத்து வரச் சொல்லி நொறுக்கிப் பார்த்தார். வழக்கத்தைவிட ஒன்றரை எண் குறைவு, அவ்வளவுதான். நன்றாகத் தேறிவிட்டது. ஆக, தொட்டியில் கோளாறு இல்லை. எந்திரத்தில் கோளாறு இல்லை. சாம்பல்தான் அளவு மீறிப் போயிருக்கிறது. நூற்றுக்கு நாற்பதாவது இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

கொஞ்சம் மாவை எடுத்து அமிலத்தில் கரைத்திருந்தால் போதும். கிளிங்கர் கரைந்துவிடும், சாம்பல் கரையாமல் தங்கும், அதை எடை போட்டால் உண்மை தெரியும். அரை நாள் வேலை. ஆனால் ஜோசியருக்கு எதற்கு அமிலம்? பதினொன்று என்ற எண்ணுக்குக் கீழே, 'சாம்பல் மிகை, சரக்கு தேறாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது மைத்துனன் முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. உறவு வேறு, வேலை வேறு என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மத்தியானம் மேலாளர் அறையில் விசாரணை. சாம்பல் தராசின் வரைபடம் இருபத்தைந்து என்றுதான் காட்டியது. தராசு போன வருஷம் ஒரு முறை சிக்கிக்கொண்டது என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். தொட்டி சரியாக இருந்ததா என்று மேலாளர் கேட்டார். ஜோசியர் பதிவேட்டை விரித்தார். இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு. அன்று வியாழக்கிழமைதான். சனிக்கிழமைக்கும் இருபத்தேழு போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மைத்துனன் முதலில் அளவு சரிதான் என்று சாதித்தான். பிறகு இவர் முகத்தைப் பார்த்தான், பதிவேட்டைப் பார்த்தான், குரல் இறங்கிவிட்டது. குழந்தை பிறந்ததிலிருந்து சரியாகத் தூக்கமில்லை, ஒரு ஐந்து நிமிஷம் கண் அசந்திருக்கலாம் என்று அவனே சொன்னான். அதுபோதும் மேலாளருக்கு. மறுநாள் மத்தியானம் உத்தரவு படிக்கப்படும், அவன் கீழே மூட்டை ஏற்றும் மேடைக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியில் வேறு கட்டி எடுக்கக் கையை விட்டவர் வெடுக்கென்று உருவிக்கொண்டார். பனிக்கட்டி மாதிரி இருந்தது. வெப்பமானி பன்னிரண்டு காட்டியது. குனிந்து பார்த்தார், வயர் கிடந்தது.

முதல் காரியமாக வயரைச் செருகினார். இரண்டாவது காரியமாகக் கதவைத் தாழிட்டார். மூன்றாவதாக அமிலப் புட்டியை எடுத்தார். கலப்புச் சரக்கின் மாவைக் கரைத்து, வடிகட்டி, எரித்து, எடை போட்டார். சாம்பல் இருபத்தைந்து. ஒரு இம்மி கூட மிகையில்லை.

உத்தரவு படிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மேலாளர் அறைக்கு நூறு அடி நடந்தால் போதும். ஜோசியர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழாம் நாள் வரட்டும், கட்டிகள் தேறினால் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று மனசு ஒரு தவணை வாங்கிக் கொடுத்தது. கீழே உத்தரவு படிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

ஏழாம் நாள் வந்தது. அவர் நொறுக்கவில்லை. மூன்றாம் நாளில் தேறாத சரக்கின் மிச்சக் கட்டிகளைத் தூக்கி எறிந்துவிடுவது அந்தக் கூடத்தில் வழக்கம். அதனால் யாரும் கேட்கவும் இல்லை. எறியவும் அவருக்குக் கை வரவில்லை. தொட்டியின் அடியில் ஒரு மூலையில் ஆறு கட்டிகளும் கிடந்தன.

மைத்துனன் கீழே மூட்டை ஏற்றினான். லாரி வந்து நிற்கும், பெல்ட்டில் மூட்டை வரும், தோளில் வாங்கி அடுக்க வேண்டும். அங்கே அவனுக்குச் சாம்பல் என்று பெயர் வைத்தார்கள். "சாம்பல், தூங்கிடாதே, மூட்டை வருது" என்பது அங்கே தினப்படி நகைச்சுவை. வீட்டிலோ வேறு கூத்து. அவன் பெண்டாட்டி, பச்சை உடம்புக்காரி, நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள்: உங்க வீட்டுக்காரர் நினைச்சிருந்தா ரெண்டு எண் கூட்டிப் போட்டிருக்க மாட்டாரா என்று. ஜோசியரின் மனைவிக்குச் சுருக்கென்றது. என் புருஷன் தம்பிக்காகவும் பொய் எழுத மாட்டார், அவர் கை அப்படி என்று பதிலுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இதை அவள் இவரிடம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். இவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார்.

அவன் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இருபதாம் நாள் வாக்கில் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றான். தோளில் மூட்டை அழுத்திய சிவப்புத் தடம்.

"மாமா, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றான். "நீங்க மட்டும் பிடிக்கலேன்னா அந்தச் சிமெண்ட் எங்கேயாவது கூரையா ஏறியிருக்கும். என் பொண்ணு மாதிரி எத்தனை பேர் அதுக்குக் கீழ படுத்திருப்பாங்க. நினைச்சா உடம்பு நடுங்குது."

அவன் போன பிறகு ஜோசியர் கெட்டிலைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டார். தேள் கொட்டிய பிறகு தேளை எங்கே போட்டு என்ன!

அதன் பிறகுதான் அவர் குறுக்கு வழியில் இறங்கினார். மேலாளரைப் பார்த்து, பையன் பட்டது போதும், பழையபடி மேலே எடுத்துக்கொள்ளலாமே என்று சிபாரிசு செய்தார். மேலாளருக்கும் புதுக் கலவைக்காரனோடு தலைவலிதான். ஜோசியருக்காக ஒப்புக்கொண்டார். உங்களுக்குப் பெரிய மனசு என்றும் சொன்னார். அந்தப் பாராட்டு முதுகில் அறைந்த மாதிரி விழுந்தாலும், இவருக்கு ஒரு பாரம் இறங்கியது. நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? எறும்புக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

மைத்துனன் வர மாட்டேன் என்றுவிட்டான்.

மேலாளரே இவரைக் கூப்பிட்டு அதிசயமாகச் சொன்னார். அவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டதாம். கண் அசந்தது தனக்கே தெரியாமல் போயிற்றே, இனி எதை நம்பிச் சாம்பல் கதவில் கை வைப்பது என்கிறானாம். மூட்டை தூக்கினால் தன் முதுகுதான் ஒடியும், அடுத்தவன் கூரை ஒடியாது என்றானாம். வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரக்கூடப் பயப்படுகிறான் என்று பிற்பாடு மனைவி சொன்னாள். தூங்கிக் கீழே போட்டுவிடுவானாம்.

இருபத்தெட்டாம் நாள் திங்கட்கிழமை. ஜோசியர் மூட்டை மேடைக்கு ஆள் அனுப்பி மைத்துனனை வரவழைத்தார். தொட்டியில் கையை விட்டு ஆறு கட்டிகளையும் எடுத்துத் துணியில் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

அவன் கட்டிகளில் கீறியிருந்த சரக்கு எண்ணைப் படித்தான். "இது என்னோடதில்ல? எறியலியா?"

"நீயே வைச்சு நொறுக்கு."

எந்திரத்தை ஓட்ட அவனுக்குத் தெரியும். முதல் கட்டியை வைத்தான். முள் பதினாறைத் தாண்டியது, இருபத்தைந்தைத் தாண்டியது. தேறுவதற்குத் தேவையான முப்பத்து மூன்றையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தாறில் பட்டென்று வெடித்தது. அடுத்தது நாற்பத்தைந்தரை. அதற்கடுத்தது நாற்பத்தேழு. அந்த வருஷத்திலேயே அந்த ஆலையில் அவ்வளவு பலமான சிமெண்ட் அரைக்கப்படவில்லை. மெதுவாகத் தொடங்கிய இறுக்கம், உள்ளுக்குள்ளே நன்றாகப் பின்னிக்கொண்டிருந்தது.

அவன் நாலாவது கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சந்தோஷம் முகத்தில் ஏறலாமா வேண்டாமா என்று காத்திருந்தது. "அப்ப மூணாம் நாள் ஏன் மாமா பதினொண்ணு?"

சொன்னார். வயர், கெட்டில், பன்னிரண்டு டிகிரி, முன்கூட்டியே எழுதிய இருபத்தேழு, எல்லாம். சாம்பல் சரியாக இருபத்தைந்துதான் இருந்தது என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் கட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்குப் போட்ட டீக்காகவா வயரைப் பிடுங்கினீங்க?"

"ஆமாம்டா."

"மறந்துட்டீங்க. மனுஷன்னா மறப்பான். அதை விடுங்க." தலையை நிமிர்த்தினான். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று ஜோசியர் இருபத்துநாலு நாளாகப் பயந்திருந்தார். இன்றைக்குத்தான் தெரிந்தது என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவன் நம்பியும் விடுவான். அவன்தான் எதையும் நம்புவானே.

"நாலாம் நாள் காலையில" என்றார். "உத்தரவு படிக்கிறதுக்கு முன்னாடி."

மைத்துனன் கட்டியை மேஜைமேல் வைத்தான். ஓசைப்படாமல் வைத்தான்.

"நான் வந்து உங்களுக்கு நன்றி சொன்னேன்" என்றான்.

மேலாளருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை ஜோசியர் பையிலிருந்து பாதி வெளியே இழுத்தார்.

"மேலாளர்கிட்ட எழுதிக் கொடுப்பீங்க, தெரியும். அது எனக்குப் போதாது. கீழ வாங்க. எனக்குப் பேர் வைச்சவங்க எதிர்ல சொல்லுங்க. வரீங்களா, சார்?"

இருபது வருஷத்து மாமா அந்த ஒரு சொல்லில் கழன்று விழுந்தார்.

ஷிஃப்ட் மாறுகிற நேரம். மேடையில் இரண்டு அணி ஆட்களும் இருந்தார்கள். ஒரு லாரி பாதி ஏறியபடி நின்றது. ஜோசியர் மேடைக்கு வருவது அபூர்வம், பெல்ட்டை நிறுத்தினார்கள். சிமெண்ட் தூசுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டோடு நின்று அவர் பேசினார். குரல் முதலில் எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. தப்பு என்னுடையது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இந்த ஆள் கதவைச் சரியாகத்தான் திறந்தான் என்று முடித்தார்.

யாரோ ஒருவர், "அப்ப ஜோசியருக்குத்தான் கண்டம்" என்றார். சிலர் சிரித்தார்கள். வயதான லோடர் ஒருவர், "சும்மா இருங்கடா" என்று அதட்டிவிட்டு, ஜோசியரைப் பார்க்காமல், மைத்துனன் தோளிலிருந்த தூசைத் தட்டிவிட்டார். இவர் அவன் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தார். கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"வண்டி நிக்குது, வழி விடுங்க" என்றான் அவன்.

வழி விட்டார். பெல்ட் ஓடியது. மிச்சமிருந்த மூட்டைகளை அவன்தான் ஏற்றினான். மற்றவர்கள் கை கொடுக்க வந்தபோதும் விடவில்லை. மேலாளரிடம் கொடுக்க வேண்டிய கடிதம் ஜோசியரின் பையில் இருந்தது. கொடுத்தால் இனி அவர் எழுதும் எண்ணுக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நாற்காலியே போனாலும் போகலாம். வீட்டில் மனைவிக்கு இன்னும் தெரியாது. அவளிடம் சொல்வதுதான் இருப்பதிலேயே நீளமான வழி. போக வேண்டும் என்று தெரிந்தும் அங்கேயே நின்றார்.

லாரி கிளம்பியதும் மைத்துனன் கையுறையைக் கழற்றினான். அடுக்கியிருந்த காலிப் பலகைகளுக்குப் பின்னால் போய்க் குந்தி, ஃபோனை எடுத்தான். இவர் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றான். புறங்கையால் முகத்தைத் துடைத்தான். சிமெண்ட் கோடாக ஒட்டியது. "கேளு. அன்னிக்கு நான் தூங்கல. ஒரு நிமிஷம்கூடத் தூங்கலடி."